நீலச் சட்டைக்காரி விழுந்த பிறகு

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலிறுதிச் சுற்றுக்கு நான்கு பெண்கள் மலை உச்சியில் தடுப்புக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஆளுக்கொரு நிறத்தில் மேற்சட்டை. நீலம் என் அக்கா மகள்.

2. கதவு கீழே விழுந்தது. நால்வரும் பனிப்பலகையில் சரிவில் இறங்கினார்கள்.

3. முதல் வளைவில் அவள் கடைசி. பாதி வழியில் இரண்டாவது. சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

4. கடைசி மேட்டில் தாவும்போது மஞ்சள் சட்டைக்காரியின் பலகை பின்னாலிருந்து அவள் பலகையைத் தட்டியது. இருவரும் காற்றிலேயே நிலைகுலைந்தார்கள்.

5. மஞ்சள் சட்டை கொஞ்ச தூரம் சறுக்கிக்கொண்டு போய் எழுந்து உட்கார்ந்தது. நீலம் எழவில்லை.

6. கேமரா எல்லைக்கோட்டுக்குத் திரும்பி, முதலில் வந்த இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வதைக் காட்டியது.

7. விளம்பரம் வந்தது. வீடு கட்டுகிற முறுக்குக் கம்பி.

8. விளம்பரம் முடிந்ததும் தூரத்திலிருந்து ஒரு காட்சி. ஆரஞ்சு உடையில் நாலைந்து பேர் குனிந்து நிற்கிறார்கள். கழுத்துப்பட்டை. படுக்கை வைத்த ஒரு சறுக்குவண்டி. மறுபடியும் விளம்பரம்.

9. அப்பா என் போனைக் கையில் வாங்கித் திருப்பி, அதன் பின்பக்கத்தைப் பார்த்தார்.

ஒன்பதாவதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு எட்டாவதைவிட அதுதான் நன்றாக நினைவில் இருக்கிறது.

அக்கா என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். கல்யாணமாகி ஐரோப்பாவுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். மகள் பிறந்ததும், வளர்ந்ததும், பனியில் சறுக்கக் கற்றதும் அங்கேதான். அந்த நாட்டுக்காகத்தான் அவள் குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கினாள். நாங்கள் இருப்பது வலங்கைமானுக்குப் பக்கத்தில். எங்களுக்குப் பனி என்றால் மார்கழியில் வைக்கோல்போர் மேல் படிகிற ஈரம்.

விளையாட்டை அப்பாவுக்கு விளக்குவது கஷ்டமாக இருக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து இறங்குவார்கள், முதல் இரண்டு பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள், அவ்வளவுதான். அப்பா அதையும் தன் வழியில் சுருக்கி ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது ஒண்ணும் புதுசில்லய்யா. நம்ம பரம்படிக்கிறதுதான். சேத்துக்குப் பதிலா பனி."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அக்கா மகள் பத்து வயதில் ஒரு கோடையில் வந்திருந்தபோது குறுவை நடவுக்கு வயல் தயாராகிக்கொண்டிருந்தது. சேற்றைச் சமப்படுத்த டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற பரம்புப் பலகையில், கனத்துக்காக ஆள் ஏறி நிற்பது வழக்கம். அப்பா அவளை ஏற்றிவிட்டார். எங்கள் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவள் கயிற்றை விட்டுவிட்டு, பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி நின்றாள். வரப்பு வரும்வரை விழவில்லை. அவள் போட்டிக்குத் தேர்வான செய்தி வந்ததும் அப்பா முதலில் சொன்னது, "அன்னிக்கு ஏத்திவிட்டது யாரு?" என்பதுதான்.

போட்டி நடந்தது மாசிமாத மத்தியானம். தாளடி அறுவடைக்காக நான் லீவு போட்டு வந்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் எங்கள் வயலில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் சொம்பின் மேல் போனைச் சாய்த்துவைத்து நான், அப்பா, சித்தப்பா மூவரும் பார்த்தோம்.

அவள் விழுந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். அக்காவும் மாமாவும் எல்லைக்கோட்டருகே நின்றிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மணி அடித்தது, எடுக்கவில்லை. மாமாவும் எடுக்கவில்லை.

நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர். ஒரு கருவி நின்றுபோனால் நாங்கள் முதலில் செய்வது, தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துக்கொள்வது. அன்றும் மனதில் அதையே செய்தேன். தெரிந்தவை: விழுந்தாள், எழவில்லை, கழுத்துப்பட்டை போட்டார்கள். தெரியாதவை: மற்ற எல்லாம். பிரித்து முடித்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. கருவி என்றால் திறந்து பார்ப்பேன்.

ஒருவழியாக அக்காவே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் யாரோ வேறு மொழியில் அவசரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாட்ட சொல்லு. ஒண்ணுமில்ல. கொஞ்சம் அடி. கையிலதான். நான் அப்புறம் கூப்புடுறேன்."

வைத்துவிட்டாள். சித்தப்பா "அப்பாடா" என்று உட்கார்ந்தார். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி எழுந்துகொண்டார்.

"இது நான் சொன்னதுடி," என்றார் அப்பா.

அப்பா எதைச் சொல்கிறார் என்று கூடத்தில் இருந்த மூவருக்குமே தெரியும். எங்கள் பக்கத்தில் சாவை யாரும் போனில் நேராகச் சொல்வதில்லை. வெளியூரில் இருப்பவரிடம், "கொஞ்சம் முடியல, ஒண்ணுமில்ல, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடு" என்பார்கள். வண்டியில் வருகிறவர் பத்திரமாக வந்து சேர வேண்டுமே என்பதற்காக. சொல்கிறவருக்கும் தெரியும், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் தெரியும். கேட்கிறவருக்கும் பாதி தெரியும். மீதிப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வந்து சேர்வார்.

அம்மா போனபோது அப்பா அக்காவிடம் சொன்னதும் அதேதான். "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. கொஞ்சம் முடியல. வந்து பாத்துட்டுப் போ." அம்மா அப்போது இதே கூடத்தில் குளிர்பெட்டிக்குள் இருந்தாள். தெருமுனையில் பந்தலைப் பார்த்துத்தான் அக்கா தெரிந்துகொண்டாள். காரியம் முடியும்வரை அவள் அப்பாவோடு பேசவில்லை. கிளம்புகிற அன்று பேசினாள்.

"ஃப்ளைட்டுல குடுத்ததெல்லாம் சாப்பிட்டேம்ப்பா. ரெண்டு வேளையும். அம்மா இங்க பொட்டியில கெடக்குறா, நான் அங்க சாப்பிட்டுட்டு படம் பாத்துக்கிட்டு வந்தேன்."

அன்றைக்கு அவள் ஒரு விதி போட்டாள். இனிமேல் இந்தக் குடும்பத்தில் எதுவானாலும் நேராகச் சொல்ல வேண்டும். யாரும் யாருக்காகவும் குறைத்துச் சொல்லக் கூடாது. அப்பா தலையாட்டினார். எனக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது.

அதனால் அப்பாவிடம் உறுதியாகச் சொன்னேன். "அக்கா அப்படிப் பண்ண மாட்டாப்பா. அவ போட்ட விதி அது. கையில அடின்னா கையிலதான் அடி."

"அவளும் இந்த வீட்டுல பொறந்தவதானே," என்றார் அப்பா.

சித்தப்பாவுக்கு உள்ளே நிற்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய் வரப்பில் நின்றார். மிஷின் டிரைவர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். பேத்தி விழுந்துவிட்டாள் என்று இவர் சொல்லியிருக்கிறார். டிரைவர் மரியாதைக்காக இன்ஜினை நிறுத்திவிட்டார்.

உள்ளே எங்களுக்கு இது எதுவும் தெரியாது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்றது. அவ்வளவுதான் தெரிந்தது.

"மிஷின நிறுத்திட்டாங்களா?" என்றார் அப்பா.

"டீசல் போடுறாங்களா இருக்கும்ப்பா."

"காலையிலதான் போட்டாங்க."

கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டு டீச்சர் வந்தார். சிலுவைச் சங்கிலியைப் புடவைத் தலைப்போடு சேர்த்து ஒரு கையில் பிடித்திருந்தார். இன்னொரு கையில் தூக்குவாளி. எங்கள் தெருவில் கேட்காமல் எதிர் வீட்டிலிருந்து சோறு வந்தால், இங்கே அடுப்பு எரியவில்லை என்று பொருள். சாவு வீட்டில்தான் அடுப்பு எரியாது.

"டீச்சர், எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"இல்லம்மா, நானும் போன்ல பாத்துக்கிட்டுதான் இருந்தேன். புள்ளய அப்படித் தூக்கிட்டுப் போனாங்களே. இந்த நேரத்துல நீ எங்க சமைச்சிருக்கப் போறேன்னு…"

அப்பா வாளியைப் பார்த்தார். பிறகு சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கின. யாரும் உள்ளே வந்து எதுவும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் நிற்பதும் எங்கள் ஊரில் ஒன்றுக்குத்தான். நான் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். கழுத்துப்பட்டை எல்லோருக்கும் போடுவார்கள், நடந்து வருகிறவருக்கும் போடுவார்கள், அது நடைமுறை, படுக்கவைத்துத்தான் கொண்டுபோவார்கள், அதுவும் நடைமுறை. எங்கள் மருத்துவமனையில் தினமும் பார்க்கிறேன் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை.

சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ ஏம்மா அழல?"

"எதுக்கு சித்தப்பா அழணும்?"

"அதான் கேக்குறேன். உனக்கு என்னவோ தெரியும். ஆஸ்பத்திரியில வேல பாக்குற பொண்ணு. எங்ககிட்ட மறைக்கிற."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னிடமிருந்த ஒவ்வொரு உண்மையும் அந்தக் கூடத்தில் சமாதானமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஊர் செய்த ஒவ்வொரு நல்ல காரியமும், நின்ற இன்ஜினும் வந்த சோறும், சாவுக்குச் சாட்சியாகப் போய்ச் சேர்ந்தது. நான் அழுதிருந்தால் அதுவும் சாட்சியாகியிருக்கும். அழாததும் ஆனது. அக்காவைத் திரும்பக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருப்பதாகப் போன் சொன்னது.

டிரைவர் கொல்லை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, அறுக்கவா வேண்டாமா சொல்லிடுங்க. மேக்கால இருட்டிக்கிட்டு வருது. நாளைக்கு வண்டி நீடாமங்கலம் போயாகணும்."

"அறுங்கண்ணே."

அவர் நகரவில்லை. என் தோளுக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார். "ஐயா ஒரு வார்த்த சொல்லட்டும்."

அப்பா சொல்லவில்லை. பேத்தி கிடக்கும்போது நெல் அறுத்தான் என்று நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்களே என்பதல்ல அவர் கவலை. அவர் அங்கேயே இல்லை. சுவரைப் பார்த்து, "பலகையில நான்தான் ஏத்திவிட்டேன்" என்று ஒரு தடவை சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மேகம் கிட்டே வந்துவிட்ட சமயத்தில் வீடியோ அழைப்பு வந்தது. முதலில் மாமாவின் கட்டைவிரல். பிறகு ஒரு வெள்ளைச் சுவர். பிறகு அவள். படுத்திருந்தாள். கழுத்துப்பட்டை இருந்தது. கன்னத்தில் சிராய்ப்பு. கண் திறந்திருந்தது.

"தாத்தா."

போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். அப்பா திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"சாப்பிட்டியா?"

கூடமே சிரித்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவளும் சிரித்தாள்.

"இல்ல தாத்தா. ஒண்ணும் குடுக்க மாட்டேங்குறாங்க."

"ஏன், அவ்வளவு பெரிய ஊருல சோறு இல்லயா?"

"டெஸ்ட் எடுக்கணுமாம். தாத்தா, நான் செகண்ட்ல வந்துட்டிருந்தேன்."

"பாத்தேன். பின்னால வந்தவ தட்டிட்டா. அவ நல்லாருக்காளா?"

"அழுதுட்டே வந்து பாத்துட்டுப் போனா."

"அவளத் திட்டாத."

"திட்டல தாத்தா."

அழைப்பு முடிந்ததும் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய், "வண்டிய எடுப்பா" என்றார். இன்ஜின் கிளம்பியது. செருப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டீச்சர் வாங்க மறுத்துவிட்டார்.

"சாப்பிடுங்கம்மா. நல்ல சேதி வந்தாலும் பசிக்கும்ல."

சாப்பிட்டோம். மழைக்கு முன்னால் அறுத்து முடித்து நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். நான் சொன்னதுதான் நடந்தது என்று சித்தப்பாவிடம் சொல்லிக்காட்டவும் செய்தேன். "சரிம்மா, நீதான் பெரிய டாக்டரு" என்றார்.

அவளுக்கு ஏன் சாப்பிடக் கொடுக்கவில்லை என்பதை அந்தக் கூடத்தில் புரிந்துகொண்டிருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். வயிற்றைக் காலியாக வைக்கச் சொல்வது எதற்கு என்று எங்கள் மருத்துவமனையில் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் தெரியும். அன்று அது என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

தஞ்சாவூர் திரும்பிய பிறகு, ஒரு மதியம் கருவி அறையில் இருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லக்கா."

"அப்பா?"

"நான் தஞ்சாவூர்ல இருக்கேன்."

"கையில ஒண்ணும் இல்லடி. முதுகெலும்பு. அன்னிக்கே ஆபரேஷன் பண்ணிட்டாங்க. வலது கால் கொஞ்சம் அசையுது. இடது காலு முழங்காலுக்குக் கீழ அவளுக்கு இன்னும் எதுவும் தெரியல."

நான் கேள்விகள் கேட்டேன். எந்த எலும்பு, நரம்பு அறுந்ததா அழுந்தியதா, ஸ்கேனில் என்ன சொன்னார்கள், வீக்கம் வடிய எவ்வளவு காலம் என்கிறார்கள். அக்கா எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்ததுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேள்விகள் சரியானவை. பதில்களும் தெளிவாக இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. எனக்கு எதிரே மேஜையில், பழுது பார்ப்பதற்காக வந்த ஒரு மானிட்டர் பிரித்தபடி கிடந்தது. அதில் எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"அப்பாட்ட சொல்லாத," என்றாள் அக்கா.

"அக்கா, நீதானே விதி போட்ட?"

"போட்டேன்."

"அன்னிக்கு இங்க யாரும் உன்ன நம்பல. நான் ஒருத்திதான் நம்பினேன். உனக்காக ஊரோட சண்ட போட்டேன்."

"தெரியும்டி. சித்தப்பா சொன்னாரு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இங்க ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உக்காந்திருந்தப்ப எனக்கு அந்த ஃப்ளைட்தான் ஞாபகம் வந்துச்சு. சாப்பிட்டேன்ல. ரெண்டு வேளையும். அன்னிக்கு மட்டும் அப்பா உள்ளதச் சொல்லியிருந்தா தண்ணிகூட எறங்கியிருக்காது. அப்பா சாப்பிடட்டும். கொஞ்ச நாளைக்குச் சாப்பிடட்டும்."

சரி என்று சொன்னேன். அன்று மாலையே விசாவுக்கு விண்ணப்பித்தேன். அப்பா பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை.

வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவளோடு வீடியோவில் பேசினோம். கழுத்துப்பட்டையை எடுத்திருந்தார்கள். தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். போனை மாமா பிடித்திருப்பார். படம் எப்போதும் அவள் நெஞ்சுக்கு மேலே மட்டும்தான். அப்பா கேட்பது எப்போதும் ஒன்றுதான், என்ன சாப்பிட்டாய் என்று. அவள் சொல்லுகிற பெயர்களில் பாதி அப்பாவுக்கு விளங்காது. "அதுல உப்பு காரம் இருக்குமா?" என்பார். "இருக்காது தாத்தா" என்று அவள் மூக்கைச் சுளிப்பாள். அப்பாவுக்கு அதில் ஒரு திருப்தி.

அறுவடைக்கு முன்னால் நெல்லுக்குள் தெளித்திருந்த உளுந்து, அறுத்த தாளுக்கு நடுவே முளைத்து வந்திருந்தது. மிஷினின் சங்கிலிச் சக்கரம் போன தடத்தில் மட்டும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவோடு வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அடி எந்தக் கையில?"

"இடது கையிலப்பா."

"நேத்து அந்தக் கையாலதான் தலைமுடியத் தூக்கிக் கட்டுனா."

எலும்பு கூடிவிட்டது, கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது பிறகுதான் தோன்றியது. அப்பா குனிந்து உளுந்துக்கு நடுவில் இருந்த ஒரு களையைப் பிடுங்கி, வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, வரப்பில் போட்டார். அடுத்ததையும் பிடுங்கினார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"என்னப்பா?" என்றேன் கடைசியில்.

"ஒண்ணுமில்ல," என்றார். "வெயில் ஏறுது. நீ போய் சாப்பிடு."

இதை எழுதும்போது நிலைமை இது. அக்கா மகள் மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றில் இருக்கிறாள். இரண்டு பக்கமும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வலது கால் தாங்குகிறது. இடது கால் தாங்கவில்லை. அது திரும்புமா என்று சொல்லும் காலம் இன்னும் வரவில்லை என்கிறார்கள் மருத்துவர்கள். என் விசா வரவில்லை. உளுந்து காய் பிடித்திருக்கிறது. அப்பாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரும் பேத்தியின் கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.